நடிக்கப் போன பெட்டி

சினிமாக் கம்பெனிக்காரர்கள் சுருளிப்பட்டிக்கு வந்தது எங்களை ஏமாறாமல் காப்பாற்றத்தான். இதை நான் சொல்லவில்லை. அவர்களே ஊர் மந்தையில் மேடை போட்டு, மைக் வைத்துச் சொன்னார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம். ஐப்பசி மழை விட்ட கையோடு இரண்டு வேனும், ஒரு லாரியும், கரண்டு எடுக்கிற மிஷின் வண்டியும் வந்து நின்றன. வெள்ளைத் தொப்பி போட்ட டைரக்டர் மேடையில் ஏறினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நாட்டில் ஒரு கூட்டம் அலைகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எது என்று மோப்பம் பிடித்து வரும். செத்தவளோடு பேச வைக்கிறேன் என்று சொல்லும். இருப்பதையெல்லாம் சுருட்டிக்கொண்டு போகும். அந்தக் கயவர்களைத் தோலுரிக்கவே இந்தப் படம். அதற்காக உங்கள் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒன்று எங்களுக்குத் தேவைப்படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் மேனேஜரிடம் சொல்லவும்."

ஊரே கை தட்டியது. நான் தட்டவில்லை. தொப்பி போட்டவன் சொல்வதை நான் ஒரே தடவையில் நம்பியது கிடையாது.

மறுநாள் காலையில் பூஜை. கேமராவுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மிஷின் வண்டிச் சக்கரம் நாலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராகு காலம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது என்று அவ்வளவு பேரும் வெயிலில் கை கட்டி நின்றார்கள். அப்புறம் பூசணிக்காய் உடைத்தார்கள்.

மேனேஜர் பால்பாண்டி எங்கள் பக்கத்து ஆள்தான். போடியில் பிறந்து, மதராசுக்கு ஓடிப் போய், பட்டு ஜிப்பாவோடு திரும்பியவன். அவனிடம் கேட்டேன்.

"மூடநம்பிக்கையை ஒழிக்கிற படங்கிறீக. பூசணிக்காய் எதுக்கப்பா?"

"அது வேற பெரியவரே. இது தொழிலு."

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு டைரக்டர் உட்கார்ந்தார். பக்கத்தில் நோட்டுப் புஸ்தகத்தோடு பால்பாண்டி. வெளியே சாவு நடந்த வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். செத்த பிள்ளை சினிமாவில் வந்தால் மதராசு வரைக்கும் பேர் சொல்லும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தான். யாரோ என்ன, பால்பாண்டிதான்.

முதலில் திராட்சைத் தோட்டத்துக் கர்ணன் போனான்.

"எங்கய்யா போன தையில செத்தாக."

"வயசு?"

"எழுபத்தெட்டு."

"அது சாவே இல்லய்யா. அடுத்த ஆளு."

அடுத்தது முத்துப்பேச்சி. அவள் மகன் குமுளி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனவன். டைரக்டர் அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார், அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

"முகம் நல்லா இருக்கு. ஆனா ஆம்பளப் பிள்ளை. கதைக்குப் பொம்பளப் பிள்ளை வேணும்மா."

முத்துப்பேச்சி நகரவில்லை. "அவனுக்குப் பெரிய கண்ணுங்கய்யா," என்றாள்.

"எழுதிக்கிட்டேன்மா. வேற கதைக்குக் கூப்பிடுறோம்."

அதற்கடுத்து ஆற்று வெள்ளத்தில் மகளைக் கொடுத்த ஒருத்தன் போனான். வெள்ளம் இப்போது கிடைக்காது, தொட்டி கட்டி எடுக்க வேண்டும், செலவு பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் வெளியே வந்து, பரீட்சையில் பெயிலான பயல் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான்.

என் தங்கச்சி மலையம்மாளும் அவள் புருஷன் சங்கிலியும் வரிசையில் எட்டாவதாக நின்றார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"நம்மளை மாதிரி ஆளுக ஏமாறக் கூடாதுன்னுதானே மச்சான் எடுக்கிறாக," என்றான் சங்கிலி. "நல்ல காரியத்துக்கு நாம முன்னால நிக்கணும்ல."

அவர்கள் மகள் அன்னத்தாய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக் காய்ச்சலில் போனாள். பதினேழு வயசு. மூன்றே நாள்.

"காய்ச்சல்," என்றார் டைரக்டர். மேனேஜரைப் பார்த்தார். "ஒரு கட்டில் போதும். நல்லது."

அப்புறம் விசாரணை ஆரம்பித்தது. பிள்ளை என்ன நிறம். எப்படி நடப்பாள். எதை விரும்பிச் சாப்பிடுவாள். தாயை என்ன சொல்லிக் கூப்பிடுவாள். மலையம்மாளுக்கு ரெண்டு வருஷமாக இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஆத்தா என்று கூப்பிட்டால் அன்னத்தாய் மட்டும் "ஏத்தா மலை" என்று கேலியாகக் கூப்பிடுவாள் என்று சொன்னபோது சிரித்தாள். பால்பாண்டி நாலு பக்கம் எழுதினான்.

பெட்டியைப் பற்றியும் அப்போதுதான் சொல்லித் தொலைத்தாள்.

கல்யாணமாகாமல் பிள்ளை செத்தால் அது வீட்டை விட்டுப் போகாது. வீட்டுச்சாமியாக இருக்கும். அவளுக்கு ஒரு பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், சீப்பு எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். மாசிச் சிவராத்திரிக்கு மட்டும் இறக்குவோம். புதுத் துணியை உள்ளே வைத்துவிட்டு, பழைய துணியை வயசுப் பிள்ளை ஒருத்திக்கு உடுத்தி, இலை போட்டுச் சோறு வைப்போம். அந்த ஒரு நாள் அவள்தான் செத்தவள். அவள் சாப்பிட்டால் இவள் சாப்பிட்ட மாதிரி. பெட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது. போனால் பிள்ளையும் போய்விடும்.

"பெட்டியில என்ன துணிம்மா இருக்கு?" என்று பால்பாண்டி கேட்டான்.

"பச்சைப் பாவாடை. அரக்குத் தாவணி."

அதையும் எழுதிக்கொண்டான்.

ஒரு காகிதத்தில் சங்கிலியிடம் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படித்துக் காட்டு என்றேன். "எல்லாம் கம்பெனி வழக்கம் பெரியவரே," என்று பால்பாண்டி மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டான்.

முதலில் மலையம்மாளையே தாயாக நடிக்க வைப்பதாக இருந்தார்கள். அவள் வீட்டுத் தரையிலேயே அவளை உட்கார வைத்து, விளக்கு போட்டு, மகளை நினைத்து அழச் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாயில் இருந்து ஒரு கோரையை இழுத்தாள். அதை ரெண்டாக ஒடித்தாள். நாலாக ஒடித்தாள். அவ்வளவுதான். பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

"எதார்த்தமா இல்லையே," என்று டைரக்டர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

மதராசிலிருந்து ஒரு நடிகை அம்மாளைக் கூட்டி வந்தார்கள். அவள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, மார்பில் அடித்து, தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டாள். டைரக்டர் மலையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்துக்கங்கம்மா. இதுதான் தாய்."

"நல்லா அழுகுறாக," என்றாள் மலையம்மாள். நிஜமாகவே அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற மகளுக்கு ஒழுங்காக அழத் தெரியவில்லையே என்று அன்றைக்கு என்னிடம் ரெண்டு தரம் கேட்டாள்.

அப்புறம் பெட்டி வேண்டும் என்றார்கள். கம்பெனியிடம் நாலு பெட்டி இருந்தது. எதுவும் "உயிரோட்டமாக" இல்லையாம். மலையம்மாள் மாட்டேன் என்றாள். சிவராத்திரிக்கு முன்னால் இறக்க முடியாது, அது கம்பெனி கேட்டாலும் சரி, கலெக்டர் கேட்டாலும் சரி என்றாள். என் தங்கச்சி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு நாள் இருந்தது.

மறுநாள் பொழுது இறங்குகிற நேரம். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். திடீரென்று ஜன்னல் வழியாக நீல வெளிச்சம் அடித்தது. வாசலில் ஒரு பிள்ளை நின்றது. பச்சைப் பாவாடை, அரக்குத் தாவணி.

"ஏத்தா மலை," என்றது.

மலையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு கீழே விழுந்தது.

"ஏத்தா, ரெண்டு வருசமா இங்கன இருட்டுல தொங்கிக்கிட்டே கெடக்கேன். ஊரு உலகம் பாக்கணும்னு ஆசையா இருக்கு. என்னைய எறக்கு."

அந்தப் பிள்ளை தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொன்னுராஜின் மகள், பேர் சாராள், சினிமாவுக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள், இதுதான் அவளுக்கு முதல் படம் என்பதெல்லாம் எனக்கு முந்தின நாளே தெரியும். ஜன்னலுக்கு வெளியே விளக்கைப் பிடித்திருந்தவனின் கையும் தெரிந்தது.

"ஏ மலை, அது நடிக்க வந்த பிள்ளை. ஜன்னலைப் பாரு, விளக்கு தெரியுது," என்றேன்.

"அண்ணே, நீ சும்மா இரு," என்றாள். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. உரலைப் புரட்டிப் போட்டு மேலே ஏறி, உத்திரத்தில் இருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

நாங்கள் துணி உடுத்திச் சோறு வைத்துப் பழகிய ஜனம். அந்தத் துணியை உடுத்திக்கொண்டு எவள் வந்து நின்றாலும் அன்றைக்கு அவள்தான் மகள். பால்பாண்டி போடிக்காரன் என்பதால் இது அவனுக்குத் தெரிந்திருந்தது. மதராசுக்காரனுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் அதே வீட்டில் ஷூட்டிங். ஊர் கூடி நின்று பார்த்தது. கதைப்படி காவி கட்டிய ஒரு கயவன், நடிப்புக்காரி ஒருத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். மகளைப் பறிகொடுத்த தாயிடம் போய் எப்படிப் பேச வேண்டும் என்று.

"இப்படிச் சொல்லு," என்றான் அந்த வில்லன். "'ஏத்தா, ரெண்டு வருசமா இங்கன இருட்டுல தொங்கிக்கிட்டே கெடக்கேன். ஊரு உலகம் பாக்கணும்னு ஆசையா இருக்கு. என்னைய எறக்கு.' அவ்வளவுதான். அந்தப் பைத்தியக்காரி இறக்கித் தந்திடுவா."

முந்தின நாள் கேட்ட அதே பேச்சு. ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. கூட்டத்தில் பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். "வெளங்குவானா இவன்," என்று கர்ணன் காறித் துப்பினான். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம்.

நான் மலையம்மாள் பக்கம் திரும்பினேன். "கேட்டியா?"

"கேட்டேண்ணே," என்றாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "என் மக பேசுனதை ஒளிஞ்சு நின்னு எழுதிட்டாக பாரு. சினிமாக்காரக இப்படியா திருடுவாக."

நான் கூட்டத்தை விட்டு வெளியே நடந்தேன்.

படத்தின் முடிவில் தெய்வம் கயவர்களை அந்த வீட்டோடு சேர்த்து எரிக்கிறது. அதற்கு வீடு எரிய வேண்டும். அட்டை வீடு எதார்த்தமாக இராது என்று டைரக்டர் சொன்னார். அவருக்கு எதார்த்தம்தான் உயிர். இந்தத் தடவை சங்கிலிக்கு முன்னால் சாராளை நிறுத்தினார்கள். பெட்டியில் இருந்த நிஜத் துணியையே உடுத்திவிட்டார்கள்.

"அய்யா," என்றாள் அவள். கீழே பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள். "இந்த வீட்டுலதானே செத்தேன். இது நிக்கிற வரைக்கும் எனக்கு அந்தக் காய்ச்சல் எறங்காது. கொளுத்திருங்க அய்யா."

சங்கிலி என்னைப் பார்த்தான். "மச்சான், இன்னும் காய்ச்சல் எறங்கலையாம்."

"ஏலே, அது எழுதிக் கொடுத்த பேச்சுடா."

"இருக்கட்டும் மச்சான். காய்ச்சல்னு சொல்லுற பிள்ளைகிட்ட எப்படி இல்லைங்கிறது?"

ஓட்டு வீடாகக் கட்டித் தருவதாகப் பால்பாண்டி அடித்துச் சொன்னான். தீப்பந்தத்தைச் சங்கிலி கையிலேயே கொடுத்தார்கள். அவன் கொல்லைப் பக்கமாகப் போய்க் கூரையில் வைத்தான். மழைக்கப்புறம் வெயிலில் நன்றாகக் காய்ந்த கூரை. தலைமுறையாக இருந்த வீடு அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

எல்லாம் அடங்கிய பிறகு கேமராக்காரன் டைரக்டர் காதில் போய் ஏதோ சொன்னான். பாதியிலேயே பிலிம் ரோல் தீர்ந்துவிட்டதாம். டைரக்டர் சாம்பலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். பக்கத்தில் இருந்த என் கூரை வீட்டைப் பார்த்தார்.

"இது யார் வீடு?"

நான் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தேன். மீதியை மதராசில் அட்டை வீட்டை வைத்து எடுத்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

சாயங்காலம் வண்டிகள் கிளம்பின. லாரியில் மூங்கில் கழிகளுக்கு மேலே ஓலைப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

"மதராசுல எடுக்கிறதுலயும் இந்தப் பெட்டிதான் இருக்கணும்மா," என்றான் பால்பாண்டி. "இல்லைன்னா பாக்குறவன் கண்டுபிடிச்சிருவான். சிவராத்திரிக்கு முன்னால நானே கொண்டாந்து தாறேன். எந்தலையில அடிச்சுச் சொல்றேன்."

மலையம்மாள் லாரிக்குப் பின்னால் சுருளி ரோடு வரைக்கும் நடந்தாள். "பத்திரமாப் போயிட்டு வா ஆத்தா," என்று பெட்டியிடம் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் என் வீட்டில் குடியிருக்க ஆரம்பித்தோம்.

வாத்தியாரைப் பிடித்துக் கம்பெனிக்கு ஐந்து கடிதம் எழுதினோம். ஐந்தாவதுக்குப் பதில் வந்தது. கதாநாயகன் சிரிக்கிற போட்டோ, கையெழுத்தோடு. மாசி வந்தது. பெட்டி வரவில்லை. சிவராத்திரி அன்றைக்கு மலையம்மாள் எரிந்த வீட்டுக்குள் போய், உத்திரம் இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே ஆகாயம்தான் இருந்தது. புதுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தாள்.

சித்திரையில் படம் கம்பத்துக்கு வந்தது. வாத்தியாரோடு போனோம். ஆரம்பத்தில் ஏதோ எழுத்து ஓடியது. சங்கிலி என்னவென்று கேட்டான். இதில் வருகிறவர்கள் எல்லாரும் கற்பனை என்று போட்டிருப்பதாக வாத்தியார் சொன்னார்.

"அப்ப நாம?" என்றான் சங்கிலி.

"நாமளும்தான்," என்றேன்.

ஆடி மாதம் தேனியில் பாராட்டு விழா. பண்பாட்டுக் கழகம் என்று ஒன்று நடத்தியது. கழகத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். இந்தப் படத்தைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றும், பார்க்காமலே இவ்வளவு நேரம் பேச முடிகிறது என்றால் படம் எவ்வளவு சிறப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்புறம் டைரக்டர் எழுந்தார்.

"பாமரனை நம்ப வைப்பது எவ்வளவு எளிது என்பதை நான் நேரில் ஆராய்ந்தேன். அவன் துக்கத்தை முதலில் கேட்க வேண்டும். பொறுமையாகக் கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்ட பிறகு அவன் எதையும் தருவான். வீட்டைக்கூடத் தருவான். இதை நான் கண்ணால் கண்டேன். அதனால்தான் படம் இவ்வளவு உண்மையாக இருக்கிறது."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அந்தச் சந்தடியில் சங்கிலி மேடையில் ஏறிவிட்டான். பெட்டியைக் கேட்கப் போனான். டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்தார்.

"அய்யா, எம்மகளோட..." என்றான் சங்கிலி. அதற்குமேல் அவனுக்கு வாய் வரவில்லை.

டைரக்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பேச முடியவில்லை பாருங்கள். நன்றியில் தொண்டை அடைக்கிறது. இதைவிட எனக்கு என்ன விருது வேண்டும்?"

சால்வை போட்டு இறக்கிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் பால்பாண்டியின் ஜிப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். பெட்டி எங்கே என்றேன்.

"அந்தப் பெட்டியா? படம் முடிஞ்சதும் சாமானெல்லாம் வாடகை ஸ்டோருக்குப் போயிருச்சு பெரியவரே. இப்ப மூணாவது படத்துல நடிக்குது. ராசியான பெட்டின்னு ஒரே கிராக்கி. தேதி கிடைக்க மாட்டேங்குது."

"எந்தலையில அடிச்சுச் சொல்றேன்னியே."

"தலை நல்லாத்தான இருக்கு?" என்று தடவிக் காட்டிவிட்டுப் போனான்.

சாராள் அங்கேதான் ஓரமாக நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போய், "இந்தா பிள்ளை, நீ வந்து உண்மையைச் சொல்லு. எந்தங்கச்சிகிட்ட நீயே வந்து சொல்லு. அப்பத்தான் அவளுக்குப் பித்துத் தெளியும்," என்றேன். அவள் அழுதாள். வருகிறேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தும்விட்டாள். சொன்ன சொல்லுக்கு வந்த ஒரே கம்பெனி ஆள் அவள்தான்.

என் வீட்டில் மலையம்மாளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் உங்க மக இல்ல. என் பேரு சாராள். அவுக எழுதிக் கொடுத்ததைப் பேசுனேன். எனக்கு உங்க மகளைத் தெரியவே தெரியாது. என்னைய மன்னிச்சிருங்க."

மலையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி ஆத்தா. போயிட்டு வா," என்றாள்.

முடிந்தது, இனி சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். சாராளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் மலையம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பெத்த மக என்னைய இல்லைன்னுட்டா அண்ணே," என்றாள். "பெட்டியை அனுப்புனேன்ல. வீட்டைக் கொளுத்த விட்டேன்ல. அந்தக் கோவம். தாயைத் தெரியவே தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டா."

அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரும் வேண்டாம் என்றாள். கம்பத்து டாக்டர் ஊசி போட்டு, பாட்டில் தண்ணியை ஏற்றிவிட்டு, சாப்பிட்டால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"கம்பெனிக்காரக பொய் சொன்னாக. வீடு போச்சு, பெட்டி போச்சு. அப்பவும் அவ சோறு தின்னுக்கிட்டு இருந்தா," என்றான். "நீங்க உண்மையைச் சொல்ல வச்சீக மச்சான்."

ஆறாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். பொன்னுராஜ் கடையில் இல்லை. சாராள்தான் அலுமினியச் சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என்ன வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"பெரியவரே, பொய் சொன்னதுக்குத்தானே அன்னைக்கு வந்து அழுதேன்," என்றாள். "மறுபடியும் அதையே செய்யச் சொல்றீக."

"ஆமா."

"நீங்கதான் உண்மையைச் சொல்லுன்னீக."

"ஆமான்னுதான் சொல்றேனே."

கடைவீதியிலேயே துணி எடுத்தேன். பச்சைப் பாவாடை கிடைத்தது. அரக்குத் தாவணி அந்தக் கடையில் இல்லை, நாலாவது கடையில் கிடைத்தது. கடைக்காரன், "மகளுக்கா?" என்றான். "தங்கச்சி மகளுக்கு," என்றேன். அவள் செத்த பிறகு தாய்மாமன் எடுத்துக் கொடுக்கிற முதல் துணி.

பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அப்புறம், "என்ன சொல்லணும்?" என்றாள்.

"கோவமில்லைன்னு சொல்லு. முதல்ல அதைச் சொல்லு. அப்புறம் சாப்பிடச் சொல்லு."

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேனே. அதுக்கு என்ன சொல்ல?"

"ஒரு நிமிசம் கோவம் வந்துருச்சு, அதான் அப்படிச் சொல்லிட்டேன்னு சொல்லு. கண்ணைப் பார்த்துச் சொல்லு. கீழே பார்க்காத. குரலைக் கொஞ்சம் இறக்கிக்க."

கம்பத்தில் இறங்கும்போது மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டிருந்தேன். மூன்றாவது நன்றாக வந்தது.

என் வீட்டுக் கொல்லையில் துணி மாற்றிக்கொண்டு வந்தாள். கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "வச்சிருங்க," என்றாள். உள்ளே போனாள். நான் நிலைப்படியில் நின்றேன்.

மலையம்மாள் கண்ணைத் திறந்தாள். சாராள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னாள். குரல் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மலையம்மாள் விழுங்கினாள். கையை எடுத்து அந்தப் பிள்ளையின் தாவணித் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு கரண்டியும் இறங்கியது.

சாராள் நிமிர்ந்து, சரியா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.